கைமாறிய சரக்கு, மாறாத உரிமை: விலை தீரும்வரை சரக்கு யாருடையது?

மொத்த வியாபாரத்தில் ரொக்கத்துக்குச் சரக்கு கொடுப்பவர்கள் குறைவு. சரக்கு இன்று லாரி ஏறும். பணம் 30, 60, 90 நாள் கழித்து வரும். இந்த இடைவெளியில் வாங்கியவர் நொடித்துப்போனால், அவருடைய கிடங்கில் பிரிக்காமல் கிடக்கும் மூட்டைகளைக் கொடுத்தவர் திருப்பி எடுத்துக்கொள்ளலாமா? முடியாது என்பதுதான் பொதுவான விடை. சரக்கு கைமாறும்போது பெரும்பாலும் சொத்துரிமையும் மாறிவிடுகிறது. விற்றவரிடம் எஞ்சுவது விலையைக் கேட்கும் உரிமை மட்டும். அதை வைத்துக்கொண்டு அவர் வங்கிக்கும் அரசுக்கும் தொழிலாளர்களுக்கும் பின்னால் வரிசையில் நிற்க வேண்டும்.

இதிலிருந்து தப்ப வணிகர்கள் கண்ட வழி ஒற்றை வரி: முழுத் தொகையும் வந்து சேரும்வரை சரக்கின் உரிமை விற்பவருக்கே. இதை உரிமைத் தக்கவைப்பு நிபந்தனை என்று இக்கட்டுரை குறிப்பிடும். பில்லின் அடியிலோ பின்புறத்திலோ சிறு எழுத்தில் அச்சாகும் இந்த வரி உண்மையில் எவ்வளவு சுமை தாங்கும் என்பதே இங்கு ஆராயப்படும் கேள்வி.

இதுபற்றிச் சட்ட நூல்களில் பரவலாக உள்ள சித்திரம் மூன்று நாடுகளை எதிரெதிரே நிறுத்துவது. ஜெர்மனி இந்த நிபந்தனையைத் தாராளமாக அனுமதிக்கிறது. இங்கிலாந்து சந்தேகத்தோடு பார்க்கிறது. அமெரிக்கா அடியோடு வேறொன்றாக மாற்றிவிட்டது. இந்தச் சித்திரம் பாதிதான் சரி என்று நினைக்கிறேன். ஜெர்மனியும் இங்கிலாந்தும் கோடு கிழித்த இடம் ஏறக்குறைய ஒன்றே. இந்தியாவிலோ 2016க்குப் பிறகு சிக்கல் வேறு இடத்துக்கு நகர்ந்துவிட்டது.

சட்டம் கொடுத்த இடம்

மெக்கன்ஸி சால்மர்ஸ் வரைந்த 1893ஆம் ஆண்டு ஆங்கிலச் சரக்கு விற்பனைச் சட்டம் ஒரு நெகிழ்வான விதியை வைத்தது: குறிப்பிட்ட சரக்கின் சொத்துரிமை, இரு தரப்பும் எப்போது மாற வேண்டும் என்று எண்ணினார்களோ அப்போது மாறும். இலங்கையின் 1896ஆம் ஆண்டின் 11ஆம் எண் கட்டளைச் சட்டம், இந்தியாவின் 1930ஆம் ஆண்டுச் சட்டம், மலேயாவின் 1957ஆம் ஆண்டுச் சட்டம் ஆகியவை அதே அச்சில் வார்க்கப்பட்டவை. இந்தியச் சட்டத்தில் 19ஆம் பிரிவு எண்ணத்தைப் பற்றிப் பேசுகிறது. 25ஆம் பிரிவு இன்னும் நேரடியானது: நிபந்தனைகள் நிறைவேறும்வரை சரக்கின்மீதான அதிகாரத்தை விற்பவர் தன்னிடமே வைத்துக்கொள்ளலாம், சரக்கு வாங்குபவர் கைக்குப் போயிருந்தாலும் உரிமை மாறாது.

எனவே நிபந்தனை செல்லுமா என்பது தொடக்கத்திலிருந்தே பெரிய சந்தேகமாக இருந்ததில்லை. தவணைக்கு விற்கப்பட்ட எரிவாயு எந்திரம் ஒன்றைப் பற்றிய மெக்கென்டையர் எதிர் கிராஸ்லி வழக்கில், கடைசித் தவணை வரும்வரை எந்திரம் விற்றவருடையதே என்று அன்று பிரிட்டனின் உச்ச மேல்முறையீட்டு மன்றமாக இருந்த பிரபுக்கள் சபை 1895லேயே ஏற்றது. எந்திரம் எந்திரமாகவே நிற்கும். சுட்டிக்காட்டலாம், திருப்பி எடுக்கலாம். சிக்கல் தொடங்குவது உருமாறும் சரக்கில்: நூல் துணியாகும், பிசின் பலகையாகும், தோல் கைப்பையாகும், எண்ணெய் புகையாகும்.

ரொமால்பா: வெற்றியா, விபத்தா?

எண்பது ஆண்டு கழித்து வந்த ஒரு வழக்கு இந்த நிபந்தனைக்குத் தன் பெயரையே கொடுத்துவிட்டது. அலுமினியம் இண்டஸ்ட்ரீ வாசன் என்ற டச்சு நிறுவனம் ரொமால்பா என்ற ஆங்கில நிறுவனத்துக்கு அலுமினியத் தகடு விற்று வந்தது. 1974 நவம்பரில், ஈட்டுப் பத்திரம் வைத்திருந்த ஹியூம் கார்ப்பரேஷன், கடனை மீட்கச் சொத்துகளைப் பொறுப்பேற்கும் ரிசீவரை ரொமால்பாவுக்கு நியமித்தது. அப்போது டச்சு நிறுவனத்துக்கு வரவேண்டியது 1,22,000 பவுண்டுக்கு மேல். விற்காமல் கிடந்த தகடு ஏறத்தாழ 50,000 பவுண்டு மதிப்புள்ளது. ஏற்கெனவே விற்ற தகட்டின் பணமாக 35,152 பவுண்டு ரிசீவரிடம் தனிக் கணக்கில் இருந்தது.

இரண்டும் தனக்கே என்றது டச்சு நிறுவனம். நீதிபதி மொகாட்டா ஒப்புக்கொண்டார். 1976இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. கிடந்த தகட்டைப் பற்றி அதிகம் சர்ச்சை இல்லை. விற்ற பணத்தையும் தொடர்ந்து போய்ப் பிடிக்கலாம் என்றதுதான் வங்கிகளைக் கலங்கடித்தது.

பின்னாளில் அவ்வளவாகக் கவனிக்கப்படாத விவரம் ஒன்று இந்த வழக்கில் உண்டு. பணம் தீரும்வரை தாம் தகட்டை ஒப்படைப்பாகத்தான் வைத்திருந்தோம் என்று ரொமால்பா தரப்பே நீதிமன்றத்தில் ஒத்துக்கொண்டது. ஒப்படைப்பாக வைத்திருப்பவர் உரிமையாளருக்குக் கணக்குச் சொல்லக் கடமைப்பட்டவர். அங்கிருந்து விற்ற பணத்துக்குப் பாதை எளிது. அந்த ஒப்புதல் இல்லாதிருந்தால் தீர்ப்பின் இரண்டாம் பாதி நின்றிருக்குமா என்பது ஐயமே. பின்வந்த நீதிபதிகள் ரொமால்பாவை ஓரங்கட்டியது பெரும்பாலும் இந்தக் காரணத்தைச் சொல்லித்தான். ஒரு சட்டக் கோட்பாட்டின் பெயர்ச்சொல்லாகிவிட்ட வழக்கு, வழக்கறிஞர்கள் விட்டுக்கொடுத்த ஒரு வாதத்தின்மேல் நிற்கிறது.

கோடு விழுந்த இடம்

அடுத்த பதினைந்து ஆண்டுகளில் வந்த ஆங்கிலத் தீர்ப்புகளைத் தனித்தனியே படித்தால் முரண்பாடுகள் போலத் தெரியும். சரக்கு எந்த நிலையில் இருந்தது என்று பார்த்து அடுக்கினால் தெளிவு வருகிறது.

பாண்ட் வொர்த் வழக்கில் மொன்சாண்டோ நிறுவனம் கம்பளம் நெய்ய அக்ரிலான் இழை விற்றிருந்தது. தன்னிடம் இருப்பது முழுச் சட்ட உரிமை அல்ல, நியாய அடிப்படையிலான பயனுரிமை மட்டும் என்று நிபந்தனையில் எழுதியிருந்தது. சட்ட உரிமை வாங்கியவருக்குப் போய்விட்டது, அவர் திரும்பத் தந்தது ஒரு மிதக்கும் ஈடு, அது பதிவாகவில்லை, எனவே செல்லாது என்றார் நீதிபதி ஸ்லேட். வரைவில் ஒரு சொற்றொடர் பிசகியதற்கான விலை இது.

போர்டன் வழக்கில் பிசின், மரத்தூளோடு கலந்து பலகையாகிவிட்டது. பிசின் என்று சுட்ட ஒன்றுமே மிஞ்சவில்லை. இல்லாத பொருளுக்கு உரிமையாளர் எப்படி? பீச்டார்ட் வழக்கில் தோல் கைப்பையாக வெட்டப்பட்டது. கண்ணுக்குத் தோல் இன்னும் தோல்தான். ஆனால் வேலை தொடங்கியதுமே விற்றவரின் தனியுரிமை முடிந்து, ஈட்டுரிமையாக மாற வேண்டும் என்பதே இரு தரப்பின் எண்ணமாக இருந்திருக்கும் என்றார் நீதிபதி வினலாட். இதற்கு எதிர்ப்புறம் ஹெண்டி லெனாக்ஸ்: டீசல் என்ஜின்கள் ஜெனரேட்டர்களில் பூட்டப்பட்டிருந்தன. ஆனால் ஒவ்வொன்றுக்கும் வரிசை எண் இருந்தது. போல்ட்டைக் கழற்றிச் சில மணி நேரத்தில் வெளியே எடுக்கலாம். உரிமை பிழைத்தது.

நம் ஊர் வாசகர்களுக்கு நெருக்கமானது 1984இல் தீர்ப்பான க்ளஃப் மில் வழக்கு. நூற்பாலை ஒன்று துணி உற்பத்தியாளருக்கு நூல் விற்றது. பயன்படுத்தாத நூல் மிஞ்சியிருக்க, ரிசீவர் தர மறுத்தார். நூலில் இருந்து செய்யும் பொருளுக்கும் உரிமை கோரும் நிபந்தனை இது, ஆகவே முழுவதுமே பதிவு செய்யாத ஈடு என்பது அவர் வாதம். நீதிபதி ராபர்ட் காஃப் இதைப் பிரித்தார்: ஈடு என்பது கடனாளி தன் சொத்தின்மேல் உருவாக்கித் தருவது. தன்னுடையதாகவே ஆகாத நூலின்மேல் வாங்கியவர் எதையும் உருவாக்கவில்லை. செய்த துணியைப் பற்றிய பகுதி ஈடாக இருக்கலாம். மூட்டையில் கிடக்கும் நூல் நூற்பாலையுடையது.

இந்தத் தர்க்கத்தின் கடைசி எல்லை ஆர்மர் எதிர் தைசென். ஸ்காட்லாந்தின் கேரன் நிறுவனத்துக்கு ஜெர்மன் நிறுவனம் எஃகு விற்றது. அந்தச் சரக்கின் விலை மட்டுமல்ல, நிலுவையிலுள்ள எல்லாக் கடனும் தீரும்வரை உரிமை தனதே என்பது நிபந்தனை. 1990இல் பிரபுக்கள் சபை அதையும் ஏற்றது. எனக்கு இங்கே ஒப்புதல் இல்லை. ஒரு லாட் எஃகுக்கு முழு விலையும் கட்டிய பிறகும், வேறு பில்லில் பாக்கி இருப்பதால் அது விற்றவருடையதே என்றால், அந்த உரிமை வெறும் கடன் பாதுகாப்பு என்பதை மறைக்க ஒரு திரைகூட மிஞ்சவில்லை. தர்க்கம் பிசகவில்லை, வணிக உண்மை பிசகியது.

எனினும் பொதுப் போக்கு தெளிவு. சரக்கைச் சுட்டிக்காட்ட முடிகிறவரை உரிமை. முடியாமல் போனதும் ஈடு. ஈடு என்றால் பதிவு. பதிவு இல்லையேல் ஒன்றுமில்லை. விற்ற பணத்தைப் பின்தொடர்வதிலும் இதே சான்றுப் பிரச்சினைதான் குறுக்கே நிற்கிறது. 2000இல் ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம், அசோசியேட்டட் அலாய்ஸ் வழக்கில், விற்ற பணத்தின் ஒரு பகுதி விற்றவருக்கான பொறுப்புச் சொத்து (டிரஸ்ட்) என்று எழுதுவது செல்லும் என்று ஏற்றது. ஆனால் வந்த எந்தப் பணம் தன் எஃகிலிருந்து வந்தது என்று காட்ட முடியாததால் வழக்குத் தொடுத்தவர் தோற்றார். கோட்பாட்டில் வெற்றி, கையில் காசில்லை.

ஜெர்மனி உண்மையில் வேறானதா?

ஜெர்மன் சிவில் சட்டத் தொகுப்பின் 449ஆம் பிரிவு இந்த நிபந்தனையை வெளிப்படையாக அங்கீகரிக்கிறது. பதிவு தேவையில்லை. செய்த பொருளுக்கும் விற்ற பணத்துக்கும் நீளும் விரிந்த நிபந்தனைகள் அங்கே அன்றாடம். எனவே ஜெர்மனி விற்பவரின் சொர்க்கம் என்று ஆங்கில நூல்கள் சொல்வதுண்டு.

1999இல் நடைமுறைக்கு வந்த ஜெர்மன் நொடிப்புச் சட்டத்தைப் பார்த்தால் சொர்க்கத்துக்குள்ளும் வாசல் இரண்டு. மாறாத சரக்கை எளிய நிபந்தனையோடு விற்றவர் 47ஆம் பிரிவின்படி உரிமையாளராகவே வெளியே எடுத்துச் செல்லலாம். செய்த பொருளுக்கும் பணத்துக்கும் உரிமை கோருபவர் அப்படிச் செய்ய முடியாது. அவர் ஈடு பெற்றவர்களோடு நிறுத்தப்படுகிறார். நொடிப்பு நிர்வாகி விற்று, அடையாளம் காணும் செலவுக்கு 4 சதவீதமும் விற்பனைச் செலவுக்கு 5 சதவீதமும் பொதுவாகக் கழித்துக்கொண்டு மீதியைத் தருவார். விற்பவரின் குழுமத்தைச் சேர்ந்த வேறு நிறுவனத்துக்கு வரவேண்டிய கடனுக்காக உரிமையை இழுத்துப் பிடிப்பதை 449ஆம் பிரிவே தடுக்கிறது.

கோடு விழுந்த இடம் லண்டனில் விழுந்த இடமேதான். கோட்டைத் தாண்டியவருக்கு இங்கிலாந்து ஒன்றும் தருவதில்லை, ஜெர்மனி 9 சதவீதம் போக மீதி தருகிறது. இரு நாட்டுக்கும் உள்ள வேறுபாடு பதிவைப் பற்றியது, உரிமையைப் பற்றியது அல்ல.

அமெரிக்கா இந்தக் கோட்டையே கிழிக்கவில்லை. சரக்கு கைமாறிய பின் விற்பவர் உரிமையை வைத்திருப்பதாக என்ன எழுதினாலும் அது ஈட்டுரிமைதான் என்று அங்குள்ள சீரான வணிகச் சட்டத் தொகுப்பு அடித்துச் சொல்கிறது. பதிவு செய்தால், குறிப்பிட்ட முன்னறிவிப்பு விதிகளைப் பின்பற்றினால், அந்தச் சரக்குமட்டில் வங்கியையே முந்தலாம். நியூசிலாந்து 2002இலும் ஆஸ்திரேலியா 2012இலும் இந்த வழிக்கு வந்தன.

பாதுகாப்பே பொறியானபோது

உரிமை மாறாததால் விற்றவரே மாட்டிக்கொண்ட வேடிக்கையும் உண்டு. ஓ.டபிள்யூ. பங்கர் என்ற கப்பல் எரிபொருள் குழுமம் 2014 நவம்பரில் நொடித்தது. ரெஸ் கோஜிட்டான்ஸ் கப்பலுக்கு அது கொடுத்த எண்ணெய்க்கு 60 நாள் கடன். அதுவரை உரிமை விற்பவருக்கு. ஆனால் உடனே எரிக்கலாம். எண்ணெய் எரிந்துபோனது, உரிமை மாறவேயில்லை, ஆகவே விற்பனையே நடக்கவில்லை, விலை எப்படிக் கேட்கலாம் என்றார்கள் கப்பல் உரிமையாளர்கள். இது சரக்கு விற்பனை ஒப்பந்தமே அல்ல, தனி வகை. ஆனாலும் ஒப்புக்கொண்ட தொகையைக் கட்டத்தான் வேண்டும் என்று 2016இல் பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றம் முடித்தது.

இந்தியச் சட்டத்தின் 55ஆம் பிரிவிலும் இதே முள் இருக்கிறது. சொத்துரிமை மாறியிருந்தால் விலைக்கு வழக்குத் தொடரலாம்; மாறாவிட்டால், சரக்கு கைமாறுவதோடு தொடர்பில்லாமல் ஒரு குறிப்பிட்ட நாளில் விலை கொடுக்க வேண்டும் என்று ஒப்பந்தம் சொல்லியிருக்க வேண்டும். உரிமையைத் தக்கவைக்கும் வரியை அச்சிடுபவர், பணம் கட்ட வேண்டிய நாளையும் அதே பில்லில் திட்டவட்டமாக எழுதாவிட்டால், எடுத்த ஆயுதம் தன்மீதே திரும்பலாம்.

இந்தியா: 2016க்குப் பிறகு

பத்திரத்தில் உரிமையாளர் என்று எழுதினால் உரிமையாளராகிவிட முடியாது என்பதை இந்திய நீதிமன்றங்கள் தவணைக் கொள்முதல் வழக்குகளில் முன்பே கண்டன. 1966இல் வெளியான சுந்தரம் ஃபைனான்ஸ் எதிர் கேரள அரசு தீர்ப்பில் விற்பனை வரிக் கேள்வி எழுந்தது. பத்திரங்கள் நிதி நிறுவனத்தை வண்டியின் உரிமையாளர் என்று காட்டின. ஆனால் நடந்தது கடன்தான் என்று நிறுவனமே வாதிட்டது. பெரும்பான்மைத் தீர்ப்பு வடிவத்தைத் தாண்டி உள்ளடக்கத்தைப் பார்த்து அதை ஏற்றது. இந்தக் கண்ணோட்டம் பில்லின் அடியிலுள்ள வரிமீதும் ஒருநாள் திரும்பக்கூடும்.

ஆனால் இன்று விற்பவரை முதலில் தடுப்பது தீர்ப்பு அல்ல, 2016ஆம் ஆண்டின் நொடிப்பு மற்றும் திவால் சட்டத் தொகுப்பு. தீர்வு நடவடிக்கை ஏற்கப்பட்டதும் 14ஆம் பிரிவின்கீழ்த் தடை வருகிறது. கடனாளி நிறுவனத்தின் கைவசம் உள்ள சொத்தை அதன் உரிமையாளர்கூட மீட்க முடியாது என்று அதில் வெளிப்படையாக இருக்கிறது. நடவடிக்கைக்கு 180 நாள். எல்லாம் சேர்த்து 330 நாள்வரை நீளலாம். கட்டடத்துக்கு 330 நாள் ஒன்றுமில்லை. நூலுக்கு அது ஆயுளைவிட நீண்டது. ஓடிக்கொண்டிருக்கும் ஆலை அந்த நூலைத் தின்று தீர்த்துவிடும்; தடை நீங்கும்போது கேட்க நூல் இருக்காது.

கலைப்புக்குப் போனாலும் நிலை தெளிவாகவில்லை. 36ஆம் பிரிவு, மூன்றாம் நபருக்குச் சொந்தமாகக் கடனாளியின் கைவசம் உள்ளவற்றைக் கலைப்புச் சொத்திலிருந்து நீக்குகிறது. எடுத்துக்காட்டாக அது சொல்பவை பொறுப்புச் சொத்து, ஒப்படைப்பு, உரிமை மாற்றத்தைக் கருதாமல் பயன்பாட்டுக்கு மட்டும் தரும் ஒப்பந்தங்கள். உரிமைத் தக்கவைப்போ உரிமை மாறுவதற்காகவே எழுதப்பட்டது. தாமதமாக மாறும், அவ்வளவே. எடுத்துக்காட்டுகள் முழுப் பட்டியல் அல்ல என்று விற்பவர் வாதிடலாம். சட்டத் தொகுப்பில் ஈட்டு நலன் என்பதற்கான விளக்கம் மிகப் பரந்தது, இதுவும் அதற்குள் அடங்கும் என்று கலைப்பாளர் வாதிடலாம். அந்த வாதம் வென்றால், பதிவாகாத ஈட்டைக் கலைப்பாளர் கணக்கில் கொள்ளக் கூடாது என்னும் கம்பெனிகள் சட்டத்தின் 77ஆம் பிரிவு வந்து கதவை மூடும். 1895இல் மெக்கென்டையர் வழக்கு அடைத்த ஓட்டை, சுற்றி வந்து இங்கே திறந்துகிடக்கிறது.

தோற்ற விற்பனையாளர் எங்கே போய் நிற்பார்? 53ஆம் பிரிவின் வரிசையில் நடவடிக்கைச் செலவு, தொழிலாளர் நிலுவையும் ஈடு பெற்ற கடனும், மற்ற ஊழியர் சம்பளம், ஈடில்லா நிதிக் கடன், அரசு நிலுவை இவற்றுக்கெல்லாம் பின்னால். ஈடே இல்லாமல் பணம் கொடுத்தவர், ஈடே இல்லாமல் சரக்கு கொடுத்தவரை முந்துகிறார். இந்தப் பாகுபாட்டை 2019இல் ஸ்விஸ் ரிப்பன்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்றுவிட்டது.

சிறு தொழில்களுக்கு வேறு பாதுகாப்புகள் உண்டு. 2006ஆம் ஆண்டுச் சட்டம் 45 நாளுக்குமேல் தவணை கூடாது என்கிறது. மீறினால் வங்கி வீதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி. 2023 நிதிச் சட்டம், குறு, சிறு நிறுவனங்களுக்கு அந்தக் கெடுவுக்குள் கட்டாத தொகையை அந்த ஆண்டுச் செலவாகக் கழிக்க விடாமல் செய்தது. நல்ல ஏற்பாடுகள். ஆனால் இவை உயிரோடிருக்கும் வாங்குபவரை நெருக்குபவை. நொடித்தவரிடம் வட்டி மூன்று மடங்கானாலும் முப்பது மடங்கானாலும் ஒன்றுதான்.

விமானத் துறையோடு ஒப்பிட்டால் முரண் துலங்கும். 2023 மே மாதம் கோ ஃபர்ஸ்ட் நிறுவனம் நொடிப்பு நடவடிக்கைக்குள் போனபோது, குத்தகைக்கு விமானம் கொடுத்தவர்கள் 14ஆம் பிரிவில் சிக்கினார்கள். அந்த அக்டோபர் 3ஆம் நாள் மத்திய அரசு ஓர் அறிவிக்கையில் விமானம், என்ஜின், ஹெலிகாப்டர் தொடர்பான பரிமாற்றங்களுக்கு அத்தடையிலிருந்து விலக்களித்தது. அதன் பின்னணியிலுள்ள கேப் டவுன் உடன்படிக்கை, குத்தகைக்குக் கொடுப்பவரோடு உரிமையைத் தக்கவைத்து விற்பவரையும் பெயர் சொல்லிக் காக்கிறது. விமானத்தை விற்றவரின் தக்கவைத்த உரிமைக்கு இந்தியாவில் இன்று மதிப்பு உண்டு. நூலை விற்றவருடையதற்கு இருக்கிறதா என்று தெளிவில்லை.

மறைவான உரிமை என்ற குற்றச்சாட்டு

இந்த நிபந்தனைக்கு எதிரான வலுவான வாதம் ஏமாற்றம் பற்றியது. கிடங்கு நிறையச் சரக்கைப் பார்த்து ஒருவர் கடன் கொடுக்கிறார். அது வேறொருவருடையது என்று பிறகு தெரிகிறது. பதிவைக் கட்டாயமாக்கும் எல்லாச் சட்டங்களின் அடியிலும் உள்ள நியாயம் இது.

வங்கியைப் பொறுத்தவரை இந்த வாதம் இந்தியாவில் எவ்வளவு நிற்கும் என்று பார்க்க வேண்டும். நடைமுறை மூலதனக் கடன் வாங்கிய நிறுவனம் மாதந்தோறும் வங்கிக்கு ஸ்டாக் ஸ்டேட்மென்ட் தருகிறது. கையிருப்பின் மதிப்பிலிருந்து சரக்குக் கொடுத்தவர்களுக்கான பாக்கியை வங்கி முதலில் கழிக்கும். மீதியில் மார்ஜினைக் கழித்த பிறகு வருவதே டிராயிங் பவர். ஒரு கோடி ரூபாய்ச் சரக்கில் 40 லட்சம் பாக்கி, மார்ஜின் 25 சதவீதம் என்றால் எடுக்கக்கூடியது 45 லட்சம். அதாவது விலை கட்டாத சரக்கை நம்பி வங்கி கடன் கொடுப்பதில்லை. ஆனால் நொடிப்பு வந்ததும், தான் நம்பாத அந்த 40 லட்சத்துக்கும் சேர்த்து, சரக்கை ஈடாகக் காட்டும் ஹைப்பாதிகேஷன் பத்திரத்தை நீட்டுகிறது. பாக்கியைக் குறைத்துக் காட்டும் நிறுவனங்கள் உண்டு, வங்கி ஏமாறுவதும் உண்டு. அது பொய்க் கணக்கின் குற்றம், நிபந்தனையின் குற்றம் அல்ல.

உண்மையில் ஏமாறக்கூடியவர் பக்கத்து வியாபாரி. அவருக்கு ஸ்டாக் ஸ்டேட்மென்ட் கிடைக்காது. அவருக்காகப் பதிவு தேவை என்பதை மறுப்பதற்கில்லை. தினமும் வேன் வேனாகச் சரக்கு போகும் தொழிலில் ஒவ்வொரு பில்லையும் பதிவது நடக்கிற காரியமல்ல என்பது வழக்கமான மறுப்பு. ஆஸ்திரேலிய முறையில் ஒரு விற்பவருக்கும் ஒரு வாங்குபவருக்கும் இடையே ஒரே பதிவு, பின்வரும் எல்லாச் சரக்கையும் தாங்கும். நம்மிடம் ஈட்டுரிமைகளுக்கான மத்தியப் பதிவகம் ஏற்கெனவே இருக்கிறது.

அடையாளச் சிக்கலும் சொல்லப்படுகிற அளவு பெரிதல்ல. கோவை, திருப்பூர் வட்டாரத்தில் நூல் மூட்டைகளில் லாட் எண் இருக்கும். லாட் கலந்துவிட்டால் சாயமிட்ட துணியில் பட்டை பட்டையாக நிறம் மாறித் தெரியும் என்பதால், நிட்டிங் நடத்துபவர்கள் தம் நலனுக்காகவே லாட்டைப் பிரித்து வைக்கிறார்கள். நூல் மூட்டையில் இருக்கும்வரை அது யாருடையது என்று காட்ட, பில்லும் லாட் எண்ணும் போதும். எந்திரத்தில் ஏறிய பிறகு ஆங்கிலத் தீர்ப்புகளின் வழியில் அது போனதுதான். அதற்குமேல் உரிமை கேட்பதை நானும் ஆதரிக்கவில்லை.

இந்த எல்லைக்குள் நின்று மூன்று திருத்தங்களைக் கேட்கலாம். பதிவு செய்த, அந்தச் சரக்கின் விலைக்கு மட்டுமான உரிமைத் தக்கவைப்பை 36ஆம் பிரிவின் விலக்குகளில் பெயர் சொல்லிச் சேர்ப்பது. தடைக் காலத்தில், நடவடிக்கையை நடத்தும் தீர்வு நிபுணர் அந்தச் சரக்கைப் பயன்படுத்தினால், அதன் விலையை நடவடிக்கைச் செலவாக முதலில் கட்டச் செய்வது. எல்லாப் பாக்கிக்கும் ஒரே சரக்கைப் பிடித்துவைக்கும் தைசென் வகை நிபந்தனையை விலக்கிவைப்பது. இப்படிச் செய்தால் வங்கிகள் மார்ஜினை ஏற்றும், தொழிலுக்குக் கடன் சுருங்கும் என்ற எதிர்ப்பு வரும். விலை கட்டாத சரக்கை டிராயிங் பவரில் சேர்க்காத வங்கி, அதை இழப்பதற்காக மார்ஜினை ஏற்ற என்ன காரணம் காட்டும் என்பதை எதிர்ப்பவர்கள்தான் விளக்க வேண்டும்.